லாக் வியூவர் திரை கண்ணை உறுத்துகிறதா? கேள்விகளும் என் பதில்களும்

லாக் என்பது ஒரு புரோகிராம் ஓடும்போது நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு, அதைத் திரையில் காட்டும் கருவிதான் லாக் வியூவர். ஒவ்வொரு பதிவும் எர்ரர் (பிழை), வார்னிங் (எச்சரிக்கை), இன்ஃபோ (வழக்கமான தகவல்), டீபக் (பிழை தேட உதவும் விவரம்) என்று ஒரு வகையில் வரும்.

கேள்வி: எர்ரர் சிவப்பு, வார்னிங் மஞ்சள், இன்ஃபோ பச்சை, டீபக் நீலம் என்று எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்துவிட்டோம். ஆனாலும் எர்ரர் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. ஏன் சார்?

எல்லாவற்றுக்கும் கொடுத்ததால்தான். லாக்கில் பெரும்பாலும் இன்ஃபோ வரிகள்தான் வரும், அவற்றுக்கு சாதாரண எழுத்து நிறம் போதும். டீபக்கைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள், நிறத்தை வார்னிங்குக்கும் எர்ரருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முழு வரியையும் சிவப்பாக்க வேண்டாம், இடது ஓரத்தில் ஒரு பட்டை இருந்தாலே கண் அங்கே போய்விடும். ஆனால் எர்ரர் என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அவர்களுக்கு அந்தச் சொல்தான் துணை.

கேள்வி: டார்க் தீமில் எழுத்தெல்லாம் சிதறித் தெரிகிறதே?

சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை வைத்திருப்பீர்கள். சிதறல் பார்வை (ஆஸ்டிக்மேட்டிசம்) உள்ளவர்களுக்கு அதில் எழுத்தின் ஓரம் கசியும். அடர் சாம்பல் பின்னணி, சற்று மங்கிய வெள்ளை எழுத்து என்று மாற்றிப் பாருங்கள். அதற்காக ஒரேயடியாக மங்கலாக்கவும் கூடாது, சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணையத்துக்கான வழிகாட்டி) சொல்லும் குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 4.5:1.

கேள்வி: ஃபான்ட்?

எல்லா எழுத்தும் ஒரே அகலம், பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் குழம்பக் கூடாது, அவ்வளவுதான். டெஜாவு சான்ஸ் மோனோ, ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ இரண்டும் நன்றாக இருக்கும். இரண்டாவதில் லிகேச்சரை (அடுத்தடுத்த குறிகளை ஒரே உருவமாக இணைத்துக் காட்டுவதை) அணைத்துவிடுங்கள், லாக்கில் குறிகள் இருக்கிறபடியே தெரிய வேண்டும்.

கேள்வி: ஒரு ஸ்டாக் டிரேஸ் (பிழை எந்தெந்த அழைப்புகள் வழியே வந்தது என்று காட்டும் பட்டியல்) வந்தால் திரையே நிரம்பிவிடுகிறது. நீள வரிகளை மடிக்கலாமா அண்ணா?

நான் அதிகம் மன்றாடுவது இந்த இடத்தில்தான். மேலோட்டமாகப் பார்க்கும்போது ஒரு பதிவு ஒரே வரியில் நிற்கட்டும், தேர்ந்தெடுத்த பதிவை மட்டும் கீழே தனிப் பகுதியில் மடித்து முழுசாகக் காட்டுங்கள். டெர்மினலில் லெஸ் (less) என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் மைனஸ் பெரிய எஸ் (-S) கொடுத்தால் வரி மடியாது, அம்புக்குறியால் பக்கவாட்டில் நகரலாம். ஸ்டாக் டிரேஸ் முழுவதும் ஒரே பதிவு, சுருக்கித்தான் வைக்க வேண்டும். ஆனால் சுருக்கும்போது எந்த வரி வெளியே தெரிகிறது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பைதானில் உண்மையான பிழை கடைசி வரியில் இருக்கும், முதல் வரியைக் காட்டிப் பயனே இல்லை. ஜாவாவில் முதல் வரியோடு கடைசி 'காஸ்ட் பை' (Caused by) வரியையும் காட்டுங்கள், மூல காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: மேலே போய் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, புது வரி வந்தால் திரை கீழே இழுத்துவிடுகிறது.

பயனர் மேலே நகர்ந்த நொடியே திரை புது வரிகளைப் பின்தொடர்வது நிற்க வேண்டும். கீழே 'புதிதாக 240 வரிகள்' என்று ஒரு பட்டன் வையுங்கள், வேண்டும்போது அவரே அழுத்திக்கொள்வார்.

கேள்வி: ஒவ்வொரு வரியிலும் நேரமே பாதி அகலத்தைத் தின்கிறது.

14:22:07.481 போதும், தேதி மாறும் இடத்தில் ஒரு தலைப்பு வரி போடுங்கள். பல சர்வர் லாக்குகளைச் சேர்த்துக் காட்டினால் எல்லாமே ஒரே நேர மண்டலத்தில் இருக்கட்டும், எது என்று மேலே எழுதிவிடுங்கள். அப்புறம், காப்பி செய்தால் சுருக்கியது வராமல் மூல வரி அப்படியே வர வேண்டும், தேதியோடு.