ஜப்பானில் சொந்தமாக ஆங்கில வகுப்பு தொடங்க முடியுமா?

கணவரின் வேலைக்காக ஜப்பான் வரப்போகிறீர்கள், ஊரில் ஐந்து வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தீர்கள், அங்கே சின்னதாக ஓர் ஆங்கிலப் பள்ளி நடத்தலாமா, இந்தியரிடம் பிள்ளைகளை அனுப்புவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தலாம். அனுப்புவார்கள். சைதாமா மாகாணத்தில், முன்பு தையல் கடையாக இருந்த ஓர் அறையில் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் வந்த உடனே முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் வரப்போவது டிபென்டன்ட் விசாவில், அதாவது கணவரைச் சார்ந்து வருபவருக்கான விசாவில். தனியாக அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேறொருவரிடம் பகுதிநேர வேலை பார்க்கலாம். சொந்தத் தொழில் அந்தப் பொது அனுமதிக்குள் சாதாரணமாக வராது. தொழில் நடத்துவதற்கென்று இருக்கும் விசாவுக்கு முன்பு 50 லட்சம் யென் முதலீடு காட்டினால் போதும். 2025 அக்டோபரில் அதை 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். கூடவே முழுநேர ஊழியர் ஒருவரும் வேண்டும். நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல யார் அவ்வளவு பணம் போடுவார்கள்? நான் பத்து வருடம் காத்திருந்து நிரந்தரமாக வசிக்கும் அனுமதி வந்த பிறகுதான் தொடங்கினேன். அது வந்துவிட்டால் தொழில் செய்யக் கட்டுப்பாடு இல்லை. இந்த மாதிரி வகுப்புக்கு ஆசிரியர் உரிமமோ பள்ளி அங்கீகாரமோ தேவையில்லை. வரி அலுவலகத்தில் தொழில் தொடங்கியதாக ஒரு படிவம் கொடுத்தால் சரி.

அந்தப் பத்து வருடம் வீண் என்று நினைக்காதீர்கள். நான் ஓர் ஆங்கில வகுப்பு நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். அங்கே பாடம் நடத்தியதைவிட, வாசலில் நின்று அம்மாக்களிடம் பேசப் பழகியதுதான் பெரிய படிப்பு. ஜப்பானிய மொழி பேசத் தெரியாமல் சொந்த வகுப்பு தொடங்கவே தொடங்காதீர்கள். பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசலாம். பிள்ளைக்கு ஏன் இந்த மாதம் படிப்பில் மனம் இல்லை என்பதை அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேச முடியாது.

அடுத்தது பணம். என் அறைக்கு மாத வாடகை 65,000 யென். ஒரு பிள்ளைக்கு மாதம் 7,500 யென் வாங்குகிறேன். ஒன்பது பிள்ளைகள் வந்தால் வாடகை தேறும், பத்தாவது பிள்ளையிலிருந்துதான் மின்சாரம், புத்தகம், நம் சாப்பாடு எல்லாம். ஏப்ரலில் நான்கு பேரோடு தொடங்கினேன், டிசம்பரில் பதினொன்று. அந்த எட்டு மாதத்தைத் தாங்கக் கையில் சேமிப்பு வேண்டும். வீட்டிலேயே நடத்தலாமே என்று தோன்றும். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பெரும்பாலும் குடியிருக்க மட்டும் என்றுதான் எழுதியிருக்கும்.

கட்டணம் வாங்கும் முறையில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: மாதாமாதம் மட்டுமே. ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கித் தள்ளுபடி கொடுங்கள் என்று பலரும் யோசனை சொன்னார்கள். 2007-இல் நோவா என்ற, அப்போது நாட்டிலேயே மிகப் பெரிய ஆங்கில வகுப்பு நிறுவனம் நொடித்துப்போனது. லட்சக்கணக்கான மாணவர்கள் முன்கூட்டிக் கட்டிய பணம் நடுவில் நின்றது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்று பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர். மொழி வகுப்பு ஒப்பந்தம் 2 மாதத்துக்கும் 50,000 யென்னுக்கும் மேல் போனால், 8 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யவும், நடுவில் நிறுத்திக்கொண்டு மீதியை வாங்கவும் சட்டமே அவர்களுக்கு உரிமை கொடுக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. நான் அதை மதிக்கிறேன்.

மாதக் கட்டணத்துக்கென்றே இங்கே கடைகளில் ஒரு காகித உறை விற்கிறார்கள். "கெஷ்ஷா புகுரோ" என்பார்கள். முன்பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. மாத முதல் வாரம் பிள்ளை அந்த உறையை இரண்டு கையாலும் நீட்டும். உள்ளே சில வீடுகளிலிருந்து மடிப்பே விழாத புது நோட்டுகள் வரும். எண்ணிப் பார்த்து, அந்த மாதக் கட்டத்தில் என் சிவப்பு முத்திரையை வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். மார்ச்சில் பன்னிரண்டு கட்டமும் நிறைந்த உறைகளைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பன்னிரண்டு முறை அந்த வீட்டில் ஒருவர் யோசித்து, இன்னும் அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

இந்தியர் என்பதால் வரும் தயக்கம் உண்மைதான். முதல் வருடம் தொலைபேசியில் "சென்செய் (ஆசிரியர்) எந்த நாடு?" என்று கேட்டு, இந்தியா என்றதும் மரியாதையாக நன்றி சொல்லி வைத்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். வலித்தது. நேரில் வந்து இலவச வகுப்பு ஒன்றைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சேர்ந்துவிட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் தொலைபேசியில் விளக்கம் சொல்வதில்லை, ஒரு முறை வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இந்தியக் கணக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்கும் அம்மாக்களும் உண்டு!

உண்மையில் நமக்கு ஒரு பலம் இருக்கிறது. நாமும் ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகக் கற்றவர்கள், எங்கே தடுக்கும் என்று தெரியும். இங்கே மூன்றாம் வகுப்பில், ஜப்பானிய மொழிப் பாடத்திலேயே, ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதக் கற்றுக் கொடுக்கிறார்கள். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒலி. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என் வகுப்பில் 'சேம்' (same) என்ற சொல்லைப் பார்த்து 'சமே' என்று படித்தான். சமே என்றால் ஜப்பானிய மொழியில் சுறா. படித்ததோடு நிற்காமல், ஒரே மாதிரி இரண்டு தொப்பி வரைந்திருந்த அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு சுறாவும் வரைந்துவிட்டான். 'டேக்' (take) என்பதைக் காட்டினேன். 'தகே' என்றான், மூங்கிலாம். அவன் தவறாகப் படிக்கவில்லை, பள்ளியில் கற்றதைச் சரியாகச் செய்திருக்கிறான். அன்றைக்குப் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கடைசியில் வரும் 'இ' (e) எழுத்து பேசாது, முன்னால் இருக்கும் உயிரெழுத்தின் ஒலியை மட்டும் மாற்றும் என்று அட்டைகளை வைத்து முக்கால் மணி நேரம் விளையாடினோம். அந்தச் சுறா இன்றும் என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

2020 ஏப்ரலிலிருந்து ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம், வருடத்துக்கு 70 வகுப்புகள். மூன்று, நான்காம் வகுப்புகளில் விளையாட்டும் பேச்சுமாக 35. பேசப் பழக்குகிறார்கள், வாசிக்க உட்கார வைக்க நேரம் போதவில்லை என்பது என் அனுபவம். அதனால் என்னிடம் வருபவர்கள் வாசிப்புக்கும் எய்க்கென் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கும்தான் வருகிறார்கள். எளிய நிலையில் தொடங்கி, படிப்படியாக முதல் நிலை வரை ஏறும் தேர்வு அது. வருடத்துக்கு மூன்று முறை நடக்கும். பிள்ளை ஒரு நிலை தேறிவிட்டால் அந்தத் தெருவிலிருந்தே இரண்டு பேர் சேர்வார்கள். நான் வீடு வீடாகத் தபால் பெட்டியில் போட்ட 2,000 துண்டுத் தாளுக்கு வந்த அழைப்பு மூன்றே மூன்று.

தாள் போடுவதாக இருந்தால் பிப்ரவரியில் போடுங்கள். இங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று வீடுகளில் பேசுவது அந்த மாதங்களில்தான். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மார்ச்சில் டியூஷன் பக்கம் போய்விடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். வந்து சேர்ந்ததும் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று இந்தப் பதிலின் கீழ் எழுதுங்கள். பக்கத்தில் என்றால் ஒரு சனிக்கிழமை வந்து என் வகுப்பில் உட்காருங்கள்.