மாங்காய் மண்டியும் டி மொழியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்தில் மாமாவின் மாங்காய் மண்டிக்காக டி (D) என்ற நிரல் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிவருகிறேன். எடைச் சீட்டுக் கோப்பில் வரிக்கு ஒரு லோடு. முதலில் மூன்று இலக்க எடை, ஓர் இடைவெளி, பிறகு ஊர்ப்பெயர். அடிப்படைகளை முடித்துவிட்டேன். நுட்பங்களுக்குள் போக எதை முதலில் படிப்பது? கம்பைலர்களில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் மென்பொருள்) டிஎம்டி போதுமா, எல்டிசி வேண்டுமா? இந்த மொழிக்கு எதிர்காலம் உண்டா, இல்லை இப்போதே ரஸ்ட் மொழிக்கு மாறிவிடலாமா? தேவையற்ற மெமரியைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரை நிறுத்திவிட்டால் வேகம் கூடுமா?

கூடவே இரண்டு கம்பைலர் பிழைகளையும் கண்டுபிடித்திருக்கிறேன். முதலாவது, எடைகளை வரிசையாக வைத்திருக்கும் அரேயிலிருந்து மூன்று எடைகளைத் தனி மாறியில் எடுத்துத் திருத்தினால் சில சமயம் மூல அரேயும் மாறுகிறது, சில சமயம் மாறுவதில்லை. இரண்டாவது, ‘போச்சம்பள்ளி’ என்று அச்சாக வேண்டிய இடத்தில் ‘பர்கூர்’ என்று வந்து, வரி உடைந்து, இரண்டு கட்டங்களுக்குப் பிறகு ‘ள்ளி’ என்று முடிகிறது. சின்னக் கோப்பில் மொத்த எடை சரியாக வருகிறது. பெரிய கோப்பில் ஒரே ஊர் இரண்டு தடவை வருகிறது. நிரலின் வேறு சில இடங்களில் மொத்த எடை எண்ணாகவே வருவதில்லை. முழு நிரலையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எதிர்காலம் பற்றிய கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். வால்டர் பிரைட் இந்த மொழியின் முதல் கம்பைலரை வெளியிட்டது 2001இல். 1.0 வந்தது 2007இல். 2019இல் ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பின் 9ஆம் பதிப்பு வெளியானபோது டிக்கான ஜிடிசி கம்பைலரும் அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பெங்களூரா மாங்காய் லோடுகளைக் கூட்டிப் போட இந்த அளவு ஆயுள் போதும். ரஸ்ட்டுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் இந்தக் கடிதத்தில் இருக்கும் குழப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே முதல் நாளே கம்பைலர் வாசலில் நிறுத்திவிடும். கார்பேஜ் கலெக்டரை விட்டுவிடுங்கள். மண்டி நிரலில் அது உங்கள் எதிரி இல்லை.

டிஎம்டியா எல்டிசியா? எழுதும்போது டிஎம்டி, ஏனென்றால் அது நொடியில் கம்பைல் செய்து கொடுக்கும். கடைசியில் ஓட விடுவதற்கு எல்டிசி, ஏனென்றால் அது எல்எல்விஎம் என்ற கருவித்தொகுப்பு வழியாக வேகமான நிரலைத் தரும். இதில் யோசிக்க வேறு ஒன்றுமில்லை.

இனி அந்த இரண்டு ‘கம்பைலர் பிழைகள்’. நிரல் எழுதத் தொடங்கிய ஆறாம் மாதத்தில் எல்லாருக்கும் ஒரு கம்பைலர் பிழை கிடைக்கிறது. கம்பைலரில் பிழையே இராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் மாறியின் முகவரியையும் நீளத்தையும் ஒருமுறை அச்சிட்டுப் பார்க்கிற பொறுமை வேண்டாமா? உங்கள் இரண்டு புகாரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. அரே என்பதை நீங்கள் எண்களைப் போட்டு வைக்கும் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டியில் டைனமிக் அரே, அதாவது நீளம் மாறக்கூடிய அரே, என்றால் இரண்டே சங்கதி: ஒரு பாயிண்டர் (எண்கள் இருக்கும் மெமரி முகவரி), ஒரு நீளம். 64 பிட் கணினியில் இரண்டும் சேர்ந்து 16 பைட். எண்கள் இருப்பது வேறெங்கோ மெமரியில். பட்டாவில் உட்பிரிவு போட்டால் நிலம் புதிதாக முளைப்பதில்லை அல்லவா, அரேயின் ஒரு பகுதியை ஸ்லைஸாக எடுப்பதும் அப்படித்தான். (டியில் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். எனவே நானும் அப்படியே எழுதுகிறேன்.)

எடைகள் = [410, 385, 520, 470, 390] என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை = எடைகள்[0..3], அதாவது முதல் மூன்று (எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும்). இப்போது காலை[0] = 400 என்று எழுதினால் எடைகள்[0]உம் 400 ஆகும், ஏனென்றால் இரண்டு மாறிகளும் காட்டுவது ஒரே மெமரியை. அடுத்து காலை ~= 600 என்று ஓர் எடையைச் சேர்க்கிறீர்கள். காலை முடியும் இடத்துக்கு அடுத்து உட்கார்ந்திருப்பது 470. அதன் மேல் 600ஐ எழுதினால் எடைகள் பாழாகும். அதனால் ரன்டைம் (நிரலோடு கூடவே ஓடும் டியின் துணை நிரல்) புதிய இடம் பிடித்து, பழைய மூன்றையும் அங்கே நகலெடுத்து, நான்காவதாக 600ஐ வைக்கிறது. அந்த நொடியிலிருந்து காலைக்கும் எடைகளுக்கும் உறவில்லை. இனி காலை[0]ஐ என்ன செய்தாலும் மூல அரே அசையாது. உங்கள் ‘சில சமயம்’ இதுதான். சேர்ப்பதற்கு முன் திருத்தியபோது மூலம் மாறியது, சேர்த்த பின் திருத்தியபோது மாறவில்லை.

இத்தோடு விட்டால் பாதிதான் தெரியும். மாலை = எடைகள்[3..5] என்று கடைசி இரண்டை எடுங்கள். இந்த ஸ்லைஸ் முடிவது, பயன்பாட்டிலிருக்கும் மெமரி முடிகிற அதே இடத்தில். இதில் ~= போட்டால், பின்னால் காலி இடம் இருக்கும் பட்சத்தில் நகலே எடுக்காமல் அங்கேயே சேர்ந்துவிடும். சேர்த்த பிறகும் மாலை[0]ஐத் திருத்தினால் எடைகள்[3] மாறும். ஆனால் எடைகளின் நீளம் இன்னும் 5தான், புதிதாக வந்த ஆறாவதை அது பார்க்காது. அதன் பிறகு எடைகள் ~= 700 என்று எழுதினால் இந்த முறை இடம் மாறுவது எடைகள். ஆக, சேர்த்தால் பிரியும் என்றும் சொல்ல முடியாது, சேர்த்தாலும் ஒட்டியிருக்கும் என்றும் சொல்ல முடியாது.

காலி இடம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். இடம் மாறாமல் மொத்தம் எத்தனை உறுப்புகள் கொள்ளும் என்று கெபாசிட்டி என்ற பண்பைக் கேட்டால் சொல்லும். இன்ட் என்ற முழு எண் ஒன்றுக்கு 4 பைட், ஐந்துக்கு 20 பைட். அதற்குக் கிடைக்கும் துண்டு 32 பைட். எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்று குறித்து வைக்க அதில் ஒரு பைட் போகும். மீதி 31இல் ஏழு இன்ட் கொள்ளும். எனவே எடைகளின் கெபாசிட்டி பெரும்பாலும் 7 வரும், மாலையின் கெபாசிட்டி அதில் மூன்று குறைந்து 4 வரும். காலைக்கு 0. பூஜ்யம் என்றால் இடமே இல்லை என்று பொருளல்ல. அடுத்த ~= கட்டாயம் வேறு இடத்துக்குப் போகும் என்று பொருள். நகல் வேண்டுமானால் வெளிப்படையாக டூப் போட்டு எடுங்கள், தற்செயலாகப் பிரியும் என்று காத்திருக்காதீர்கள். லூப்பில் ஆயிரக்கணக்கில் சேர்ப்பதானால் முதலிலேயே இடத்தை ரிசர்வ் செய்யுங்கள், அல்லது ஸ்டாண்டர்டு லைப்ரரியின் அப்பெண்டரைப் பயன்படுத்துங்கள்.

ஃபங்ஷனுக்கு அரேயை அனுப்பும்போதும் இதே கதைதான். போவது அந்த 16 பைட்டின் நகல். உள்ளே ஓர் உறுப்பைத் திருத்தினால் வெளியே தெரியும், உள்ளே ஒன்றைச் சேர்த்தால் வெளியே நீளம் கூடாது. சேர்ப்பது வெளியே தெரிய வேண்டுமானால், நகலுக்குப் பதில் மூலத்தையே அனுப்பும் ரெஃப் போட வேண்டும்.

இப்போது போச்சம்பள்ளிக்கு வருகிறேன். உங்கள் நிரலில் எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான்.

கோப்பை பைலைன் வைத்து வரி வரியாகப் படிக்கிறீர்கள். பைலைன் ஒவ்வொரு வரிக்கும் புது மெமரி தருவதில்லை. ஒரே பஃபரில் (தற்காலிக மெமரி) மேலே மேலே எழுதி, அதன் ஸ்லைஸைக் கையில் கொடுக்கிறது. வேகத்துக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. அதனால்தான் அதன் டைப் ஸ்ட்ரிங் அல்ல, சார் என்ற ஒரு பைட் எழுத்தலகுகளின் மாறக்கூடிய அரே. ஸ்ட்ரிங் என்பது இம்யூட்டபிள் சார்களின் அரே: இந்த மெமரியை இனி எவரும் மாற்ற மாட்டார்கள் என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதியை இங்கே கொடுக்க முடியாது என்று கம்பைலர் உங்களுக்கு எரர் காட்டியது. நீங்கள் என்ன செய்தீர்கள்? டைப்பை வலுக்கட்டாயமாக மாற்றும் காஸ்ட் போட்டு அதன் வாயை அடைத்தீர்கள். அடைத்துவிட்டு, பிழை கம்பைலருடையது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

பைட் பைட்டாகப் பாருங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் (உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள்). போச்சம்பள்ளியில் 12 குறியீடுகள், ஆக 36 பைட். பர்கூரில் 7, ஆக 21. ‘410 போச்சம்பள்ளி’ இருந்த பஃபரின் மேல் ‘385 பர்கூர்’ எழுதப்படுகிறது. எடைக்கும் இடைவெளிக்குமான முதல் 4 பைட்டை விட்டுவிட்டு, ஊர்ப்பெயர் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள். 21 பைட் பர்கூர். வரி முடிவுக்குறியும் பஃபருக்குள் வந்துதான் பிறகு கழிக்கப்படுகிறது, எனவே 22ஆவது பைட் அது. அது விழுந்த இடம் பழைய ‘ப’வின் முதல் பைட். அந்தப் பவின் மிச்சம் இரண்டு பைட் தலையில்லாமல் நிற்கிறது. அவைதான் நீங்கள் பார்த்த இரண்டு கட்டங்கள். பிறகு யாரும் தொடாத 12 பைட், ‘ள்ளி’. நீங்கள் பிடித்துவைத்த ஸ்லைஸின் நீளம் இன்னும் 36தான் என்பதால் அத்தனையும் அச்சாகிறது. கணக்கு ஒரு பைட்கூடப் பிசகவில்லை, பாருங்கள்.

சின்னக் கோப்பில் கூட்டல் சரியாக வந்ததற்கும் இதுதான் காரணம். ஊர்ப்பெயரைச் சாவியாக வைத்து அசோசியேட்டிவ் அரேயில் எடையைக் கூட்டுகிறீர்கள். மூன்றாவது வரியில் மறுபடி போச்சம்பள்ளி வந்தால், அது எழுதப்படுவது பழைய சாவி சுட்டிக்கொண்டிருக்கும் அதே மெமரியில். ஹேஷ் (சாவியிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்துகிறது. எழுத்துகளை ஒப்பிட்டால் தன்னையே தன்னோடு ஒப்பிட்ட மாதிரி அதுவும் பொருந்துகிறது. எடை சரியான கணக்கில் ஏறுகிறது, அச்சாகும்போது மட்டும் பெயர் நாறுகிறது. பெரிய கோப்பில் எப்போதாவது பழைய பஃபரில் கொள்ளாத நீளமான வரி வரும். அப்போது பைலைன் வேறு பஃபருக்குப் போய்விடும். பழைய சாவிகள் அந்த நேரத்தில் எந்தக் கோலத்தில் இருந்தனவோ அப்படியே உறைந்துவிடும். அடுத்த போச்சம்பள்ளி புது பஃபரிலிருந்து வருகிறது. ஹேஷ் பொருந்தினாலும் எழுத்துகள் பொருந்தாது. புதுக் கணக்கு திறக்கும். நான்கு இலக்க எடை ஒன்று வந்தாலும் போதும், பெயர் தொடங்கும் இடம் ஒரு பைட் தள்ளிப்போய் ஊர் இரண்டாகும்.

தீர்வு ஒரு சொல். பைலைனுக்குப் பதில் பைலைன்காப்பி, அல்லது பெயரை வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும், மாறாத நகலெடுக்கும் ஐடூப். எடையை மட்டும் படித்துவிட்டு வரியைத் தூக்கிப் போடுகிற இடங்களில் பைலைனே நல்லது. காஸ்ட்டை அழித்துவிடுங்கள். இந்தப் பழக்கம் திரும்ப வராமலிருக்க உங்கள் ஃபங்ஷன்களுக்கு @சேஃப் குறியுங்கள். அதற்குள் இந்த காஸ்ட்டைக் கம்பைலர் அனுமதிக்காது.

ஊர்ப்பெயர்களை ஐந்தெழுத்துக்கு வெட்டிப் பத்தியில் அடுக்கப் [0..5] போட்டிருப்பதையும் கண்டேன். அது ஐந்து பைட். ‘தருமபுரி’ என்ற பெயரின் நீளம் என்ன என்று டியைக் கேட்டால் பைட் கணக்கில் 24 என்னும். குறியீடுகளை எண்ணும் வாக்லெங்த் கேட்டால் 8. கிராஃபீமாகப் பிரித்து எண்ணினால்தான் 5, நாம் எண்ணுகிற ஐந்து. [0..5] வெட்டினால் ‘த’ முழுசாக வந்து ‘ர’ உடைந்து நிற்கும். பைகிராஃபீம், டேக்(5), பைகோட்பாயிண்ட், டெக்ஸ்ட் என்று வரிசையாகக் கோத்தால் ஐந்தெழுத்து ஸ்ட்ரிங் கிடைக்கும்.

மொத்த எடை சில இடங்களில் எண்ணாகவே வராததற்குக் காரணம், தசம எண்ணுக்கான டபுள் மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காதது. டியில் அது பூஜ்யமாகத் தொடங்காது, எண்ணல்லாத மதிப்பாகத் தொடங்கும். மறந்ததை மறைக்காமல் காட்டிக்கொடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். 0 கொடுங்கள்.

வேகத்துக்காகக் கம்பைலருக்கு -ரிலீஸ் என்ற கொடி போட்டிருக்கிறீர்கள். அது அசர்ட் என்ற சோதனை வரிகளை எடுத்துவிடும், @சேஃப் அல்லாத இடங்களில் அரே எல்லைச் சோதனையையும் எடுத்துவிடும். கடைசி எடையை எடுக்க நீளத்தில் ஒன்றைக் கழிக்கிறீர்கள். லோடே வராத நாளில் நீளம் 0. நீளம் குறியில்லா எண் என்பதால் 0இல் ஒன்று கழிந்தால் மைனஸ் ஒன்று வராது, ஒரு ராட்சச எண் வரும். சோதனை இருந்தால் நிரல் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் மெமரியில் எங்கேயோ கை வைக்கும், விழுந்தாலும் விழும், குப்பையை எடையென்று கொடுத்தாலும் கொடுக்கும். கொடியை எடுங்கள்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் இருக்கட்டும். மேலே சொன்ன எடைகள், காலை, மாலை மூன்றையும் யூனிட்டெஸ்ட் என்ற சோதனை பிளாக்கில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பாயிண்டர், நீளம், கெபாசிட்டி மூன்றையும் அச்சிடுங்கள். ஓடவிடும் முன் விடையைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பொருந்தாத இடம் எதுவோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம். அந்த காஸ்ட் இருக்கும் வரை நிரலை மண்டியில் ஓட்டாதீர்கள். சீசன் நடுவில் போச்சம்பள்ளிக்காரர் ஒருவருடைய லோடு இரண்டு கணக்காகப் பிரிந்து கிடந்தால், பணம் பட்டுவாடா செய்கிற மாமாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.