ஓடும் பாட்டு அரட்டை ஸ்டேட்டஸில் தெரிய: கேள்வி பதில்

கேள்விகள் எல்லாம் ஒரே சின்ன பைத்தான் ஸ்கிரிப்டைப் பற்றியவை. லினக்ஸ் கணினியில் என்ன பாட்டு ஓடுகிறது என்று ‘பிளேயர்சிடிஎல்’ கட்டளையிடம் கேட்டு, ஸ்லாக் அரட்டையில் உங்கள் ஸ்டேட்டஸாகப் போடும் ஸ்கிரிப்ட் அது. இருந்தபடியே ஓட்டினால் தொல்லையில்லை. ஆளாளுக்கு மாற்றி எழுதும்போதுதான் வம்பு.

கேள்வி: ஐயா, வெள்ளிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடிவிட்டுப் போனேன். திங்கள்கிழமை வரை ஒரு காதல் பாட்டு என் பெயருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அலுவலகமே சிரிக்கிறது.

பதில்: பாட்டு நின்றால் ஸ்டேட்டஸை அழிப்பது ஸ்கிரிப்டின் வேலை. லேப்டாப் தூங்கினால் ஸ்கிரிப்டும் தூங்கிவிடும், பிறகு யார் அழிப்பது? அந்தப் பொறுப்பை ஸ்லாக்கிடமே விட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸ் அனுப்பும்போது காலாவதி நேரத்தையும் சேர்த்து அனுப்பலாம். பாட்டின் மொத்த நீளத்திலிருந்து ஓடி முடிந்ததைக் கழித்து, இப்போதைய நேரத்துடன் கூட்டி, அரை நிமிடம் தாராளமாகச் சேர்த்துக் கொடுங்கள். நேரம் வந்ததும் தானே மறையும். காலாவதி இடத்தில் பூஜ்யம் என்று விட்டால் அழியவே அழியாது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

கேள்வி: மேலே சொன்னபடிதான் செய்தேன். எட்டரை ஆண்டு கழித்து அழியும் என்று காட்டுகிறது!

பதில்: நாலரை நிமிடப் பாட்டா? அப்படியானால் கணக்கு சரியாக இருக்கிறது, அலகுதான் தவறு. லினக்ஸில் பிளேயர்கள் பேசிக்கொள்ளும் எம்பிரிஸ் முறை நீளத்தை மைக்ரோ விநாடியில் தருகிறது. 270 விநாடி அங்கே 27 கோடி. ஸ்லாக்குக்கு வேண்டியது முழு விநாடி. பத்து லட்சத்தால் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள். இன்னொரு பொறி: ஓடி முடிந்த நேரத்தைப் பிளேயர்சிடிஎல்லின் ‘பொசிஷன்’ கட்டளை விநாடியில்தான் தரும். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் கழிக்காதீர்கள்.

கேள்வி: தமிழில் பெயர் எழுதிய பாட்டுகள் மட்டும் கடைசியில் சிதைகின்றன. சிலவற்றில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. ஆங்கிலப் பாட்டுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஸ்லாக் ஸ்டேட்டஸுக்கு 100 குறிகள்தான் உச்சவரம்பு. அதனால் எல்லோரும் பெயரை வெட்டுகிறார்கள். எதை ஓர் எழுத்து என்று எண்ணி வெட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 15. கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் உள்ள ‘கட்’ கட்டளை பல கணினிகளில் பைட்டை எண்ணியே வெட்டும். ஒரு குறியின் நடுவில் கத்தி விழுந்தால் நீங்கள் பார்த்த கேள்விக்குறி வரும்.

பைத்தான் அந்த அளவுக்கு மோசமில்லை, குறியை எண்ணும். ஆனால் அதுதான் இன்னும் ஆபத்து. ‘நிலவே’ என்பதன் கடைசி ஏகாரக் குறியை விட்டு வெட்டினால் ‘நிலவ’ என்று நிற்கும். பிழை என்றே தெரியாமல் சொல் மாறிவிடும். ‘ரீஜெக்ஸ்’ என்ற தனி நூலகத்தை நிறுவி, அதன் பெரிய எக்ஸ் குறியீட்டால் பெயரை முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தக் குறிகள் 99ஐத் தாண்டாதவரை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இடமில்லாதபோது மூன்று புள்ளி கொண்ட ஒற்றைக் குறியை ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் அதற்கும் ஒரு படி மேலே போய், கடைசி இடைவெளியில் நிறுத்துவேன். பாதிச் சொல் எந்த மொழியிலும் அழகில்லை.

கேள்வி: திரைப்பாட்டுகளில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஃப்ரம்’ போட்டுப் படத்தின் பெயரும் மேற்கோள்குறியோடு வருகிறது. அதனால் ஸ்கிரிப்டே நின்றுவிடுகிறது.

பதில்: ஸ்லாக்குக்குத் தகவல் அனுப்பும் ஜேசன் வடிவத்தைக் கையால் ஒட்டி எழுதியிருக்கிறீர்கள். மேற்கோள்குறி வந்ததும் அது உடைகிறது. பைத்தானின் ஜேசன் நூலகத்திடம் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த அடைப்புக்குறி வாலை ஒரு தேடி மாற்றும் வரியால் நீக்கிவிடுங்கள், இடமும் மிச்சம்.

கேள்வி: மூல நோய்க்கு வைத்தியம் சொல்லும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அதன் தலைப்பு ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசரும் எம்பிரிஸ் கணக்கில் ஒரு பிளேயர்தான், அதனால் யூடியூப் தலைப்பும் வரும். பிரவுசரைத் தவிர்க்கச் சொல்வதைவிட, அனுமதிக்கும் பிளேயர்களை மட்டும் பெயர் சொல்லிக் கொடுங்கள். விலக்கும் பட்டியலில் நாளை நிறுவும் புதுப் பிரவுசர் இருக்காது.

கேள்வி: ‘விடுப்பில்’ என்று நானே வைத்த ஸ்டேட்டஸையும் பாட்டு அழித்துவிடுகிறது.

பதில்: எழுதுவதற்கு முன் இருப்பதைப் படிக்க வேண்டும். ஸ்கிரிப்டுக்கென்று ஓர் இமோஜியை ஒதுக்குங்கள். ஹெட்போன் வேண்டாம், பலரும் கையால் வைப்பது அது. இப்போதுள்ள ஸ்டேட்டஸ் காலியாகவோ உங்கள் இமோஜியோடோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள். இதற்குப் புரொஃபைலை எழுதும் அனுமதியோடு படிக்கும் அனுமதியும் டோக்கனில், அதாவது ஸ்கிரிப்ட் ஸ்லாக்கிடம் காட்டும் ரகசியச் சாவியில், இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு விநாடிக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னேன். 429 என்ற பிழை வருகிறது.

பதில்: ‘மெதுவாக வா’ என்கிறது சர்வர். எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதும் அதே பதிலின் ‘ஹெடர்’ பகுதியில் இருக்கும், அதை மதியுங்கள். ஆனால் எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்? பிளேயர்சிடிஎல்லில் ‘ஃபாலோ’ தெரிவு உண்டு. பாட்டு மாறும்போது அதுவே ஒரு வரி தரும். வந்தவுடன் அனுப்பாமல் பத்து விநாடி பொறுங்கள். பாட்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறவர்களின் அலைபாய்தல் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: இதையே டிஸ்கார்டுக்கு மாற்றித் தருவீர்களா?

பதில்: மாட்டேன். உங்கள் சொந்தக் கணக்கின் டோக்கனை வைத்து ஸ்கிரிப்ட் ஓட்டுவது அங்கே விதிமீறல், கணக்கே போகலாம். ஸ்பாட்டிஃபையை இணைக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது.

கேள்வி: ஜாபர் என்ற திறந்த அரட்டை முறையில்?

பதில்: அங்கே ஸ்கிரிப்டே தேவைப்படாமல் போகலாம். பாட்டுக்கென்றே எக்ஸ்இபி-0118 என்ற நெறிமுறை உண்டு. பாடகர், தலைப்பு, நீளம் எல்லாம் தனித்தனியாகப் போகும். எந்தச் செயலி கேட்கிறதோ அதற்கு மட்டும் போய்ச் சேரும். காஜிம் செயலியில் இது இருக்கிறது.

கேள்வி: என் ஸ்கிரிப்டை முழுதாக இணைத்திருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள் ஐயா.

பதில்: பார்த்தேன். நான்காவது வரியில் உங்கள் டோக்கன் அப்படியே இருக்கிறது. அதை வைத்து யாரும் உங்கள் பெயரில் ஸ்டேட்டஸ் எழுதலாம். வேறு எதையும் தொடுவதற்கு முன் ஸ்லாக்கில் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள். புதியதை ஸ்கிரிப்டுக்கு வெளியே, இயங்குதளம் வைத்திருக்கும் சூழல் மாறியில் வைத்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.