கரி பூசிய முகம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிறு வயதில் நான் விரும்பிப் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரியின் பழைய படங்களை என் ஏழு வயது மகனுக்குப் போட்டுக் காட்டினேன். படத்துக்கு முன்னால், இவற்றில் அக்கால அமெரிக்காவின் இனத் துவேஷச் சித்திரிப்புகள் இருக்கலாம், அவை அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. வெடி வெடித்து, முகம் கறுத்து, உதடு தடித்துப் போகும் காட்சியைக் கண்டு மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் வயதில் நானும் அப்படித்தான் சிரித்தேன். அதில் என்ன தவறு என்பது பின்னர் படித்தபோதுதான் தெரிந்தது. தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகும் இவற்றை எதற்காக வைத்திருக்க வேண்டும்? அடியோடு நீக்கிவிடுவதுதானே புண்பட்டவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை? கலையில் கைவைக்கவே கூடாது என்கிறார்கள் என் நண்பர்கள். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

அந்தக் காட்சிக்கு நானும் சிரித்திருக்கிறேன். ஒருவர் முகத்தில் கரி பூசுவது என்றால் தமிழில் அவரைத் தலைகுனிய வைப்பது என்றுதான் பொருள். அதனால் டாமின் முகத்தில் நாம் கண்டது தோற்றுப்போன ஒரு பூனையின் அவமானத்தை மட்டுமே. அதே படத்தை 1940களில் திரையரங்கில் பார்த்த அமெரிக்கருக்கு அந்த முகம் வேறொன்றையும் நினைவூட்டியது. ஏறக்குறைய 1830 முதல் அந்நாட்டு மேடைகளில், வெள்ளையர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, கறுப்பின மக்களைப் போலப் பேசியும் ஆடியும் காட்டிய கேலிக்கூத்து பெரும் புகழ் பெற்றிருந்தது. தாமஸ் ரைஸ் என்ற நடிகர் அப்படி ஆடிய ‘ஜிம் க்ரோ’ என்ற பாத்திரத்தின் பெயரே பின்னாளில் தென் மாநிலங்களின் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கு வழங்குபெயராகியது. 1951இல் வந்த ‘காசனோவா கேட்’ படத்தில் ஜெர்ரியின் முகத்தைக் கரியாக்கிச் சூடேறிய தட்டின் மேல் டாம் ஆட வைக்கிறதே, அங்கே வரையப்பட்டிருப்பது அந்த மேடைதான்.

அந்தக் காலம் அப்படி, யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். அது உண்மையில்லை. 1915இல் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைப் போற்றி வந்த மௌனப் படத்துக்கு எதிராக, என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கம் ஊர் ஊராகப் போராடியது. 1942இல் அச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான வால்டர் வைட் ஹாலிவுட்டுக்கே சென்று, கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டும் வழக்கத்தை விடும்படி ஸ்டூடியோ அதிபர்களிடம் வற்புறுத்தினார். தவறு என்று அன்றே சொல்லப்பட்டது. சொன்னவர்களின் பேச்சு எடுபடவில்லை. அவர்கள் எதை எதிர்த்தார்கள் என்பதற்குச் சாட்சியாக இன்று இருப்பவை அந்தப் படங்களே. படங்களை அழித்துவிட்டால், எதிர்த்தவர்கள் மிகைப்படுத்திப் பேசினார்கள் என்று நாளை ஒருவர் வாதிடும்போது காட்டுவதற்கு நம் கையில் எதுவும் இருக்காது.

நீக்குவது மரியாதை ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இதே படங்களின் கதையிலேயே விடை இருக்கிறது. 1940இல் ஹன்னாவும் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக உருவாக்கிய முதல் டாம் அண்ட் ஜெர்ரி படம் தொடங்கி 1952 வரை, துடைப்பத்தோடு டாமை விரட்டும் ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருவார். முகம் பெரும்பாலும் காட்டப்படாது. தடித்த கால்களும் செருப்பும் மேலங்கியும்தான் அவர். அது அமெரிக்கத் திரையில் தேய்ந்துபோன ஒரு கேலி வார்ப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1960களில் தொலைக்காட்சிக்காக இப்படங்களைத் திருத்தியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெண்ணை அழித்து அவ்விடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். குரலையும் மாற்றி, ஐரிஷ் சாயலில் பேச வைத்தார்கள். அவரை வரைந்த விதத்தைப் பற்றித்தான் முறையீடு எழுந்தது. கிடைத்த பரிகாரமோ, அவரே இல்லாமல் போனது. வரைந்தவர்களின் பெயர்களுக்கோ அந்தப் படங்கள் வாங்கிய ஆஸ்கர்களுக்கோ அதனால் ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லில்லியன் ராண்டால்ஃபின் உழைப்பு மட்டும் ஒலித்தடத்திலிருந்து துடைக்கப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன.

வேலைக்காரி வேடத்தைத் தவிர வேறு வேடம் கிடைக்காத காலத்தில், கிடைத்ததில் தம் கலையைக் காட்டிய நடிகைகள் பலர். ஹாட்டி மெக்டானியல் ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக 1940இல் ஆஸ்கர் பெற்றார்; அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. ஆனால் விருது விழாவில் படத்தின் மற்ற நடிகர்களோடு அவரை அமரவிடாமல் தனி மேசையில் அமர்த்தினார்கள். அவர் நடித்த அந்தப் படம் 2020இல் ஓர் ஓடிடி தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, கறுப்பினத் திரை ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் முன்னுரையுடன் சுமார் இரண்டு வாரங்களில் திரும்பியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தப் படத்தை நிரந்தரமாக மறைத்தால், அதன் வெள்ளை நாயகியோடு சேர்ந்து ஹாட்டியும் மறைந்துபோவார்.

இப்படிச் சொல்வதால் உங்கள் நண்பர்களின் பக்கம் நான் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ‘நாங்கள் சிரித்து வளர்ந்த படம்’ என்பது பாதுகாப்பதற்குக் காரணமே ஆகாது. பிறரை நோகடித்த சிரிப்பைத் தொடரும் உரிமை யாருக்கும் கிடையாது. ஒரு படத்தைக் காப்பகத்தில் வைத்திருப்பதும், அதைக் குழந்தைகளின் சேனலில் மாலைதோறும் ஓடவிடுவதும் வேறு வேறு. குழந்தைகளுக்கான ஒளிபரப்பில் அக்காட்சிகளை வெட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. முழு வடிவம் எங்கும் கிடைக்காமல் போவதையும், திருத்திய வடிவத்தையே மூலம் என்று விற்பதையும்தான் எதிர்க்கிறேன். மாற்றிக் காட்டுவது இத்தகைய துவேஷங்கள் இருந்ததே இல்லை என்று சொல்வதற்குச் சமம் என்று தன் பழைய கார்ட்டூன் தொகுப்புகளில் அறிவித்த வார்னர் நிறுவனமே, 2013இல் டாம் அண்ட் ஜெர்ரி தொகுப்பொன்றிலிருந்து இரண்டு படங்களை விட்டுவிட முனைந்தது. ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பின் அந்தத் தொகுப்பு வெளிவராமலே நின்றுபோனது.

மிச்சிகனில் ஃபெரிஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரோ அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. கறுப்பினச் சமூகவியலாளரான டேவிட் பில்கிரிம், தம் இனத்தை இழிவுபடுத்திய பொம்மைகள், அஞ்சலட்டைகள், விளம்பரங்கள் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் தேடித் திரட்டி, அதை உருவாக்கினார். சிறுவனாக இருந்தபோது அத்தகைய பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவரின் கண்ணெதிரே தரையில் அடித்து உடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். உடைத்த கைதான் பிறகு சேர்த்து வைத்தது. அங்கே பொருட்களோடு அவை யாரை எப்படி நோகடித்தன என்ற விளக்கமும் உண்டு. அந்த விளக்கம் இல்லாவிட்டால், வைத்திருப்பதும் வெட்டுவதும் நம்மைப் போன்ற தூரத்துப் பார்வையாளர்களுக்கு ஒன்றேதான். வெட்டிய படத்தைப் பார்த்த குழந்தைக்கு எதுவும் தெரியாது; வெட்டாத படத்தைப் பார்த்த நமக்கும் இத்தனை ஆண்டுகளாக எதுவும் தெரியவில்லை.

மகனுக்கு இப்போதைக்கு மற்றப் படங்களைப் போட்டுக் காட்டுங்கள். பார்ப்பதற்கு நிறைய இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது வெட்டாத பிரதி ஒன்றை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். கரி பூசிய முகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். துடைப்பத்தோடு வருகிற அந்தப் பெண்ணின் குரல் கேட்கும்போது, பேசியவர் பெயர் லில்லியன் ராண்டால்ஃப் என்பதையும் சொல்லிவிடுங்கள். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் அந்தப் பெயர் இருக்காது.