பல்லவராயரும் பல்லவரும்

கேள்வி: எங்கள் குடும்பப் பட்டம் பல்லவராயர். நாங்கள் பல்லவ மன்னர்களின் வாரிசுகளா? டி.என்.ஏ. சோதனை செய்தால் தெரியுமா?
- ஒரத்தநாடு வாசகர்

பதில்: பட்டத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அரையர் என்றால் தலைவர். பல்லவராயரில் உள்ள ராயர் என்பதும் அதே பொருளில் வருவதுதான். சோழர்கள் தம் அதிகாரிகளுக்கு இத்தகைய பட்டங்களை வழங்கினார்கள். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு பேசும் 12-ஆம் நூற்றாண்டுப் பல்லவராயருக்குப் பெருமானம்பி என்று வேறு பெயரும் உண்டு. அதாவது, பல்லவராயர் என்பது அவருக்குப் பட்டம்தான்.

தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமைச் சோதித்தால், இரண்டு பல்லவராயர் குடும்பங்கள் ஒரே தந்தைவழியா என்று ஒப்பிடலாம். பல்லவ மன்னரின் டி.என்.ஏ. நம்மிடம் இல்லாததால், அவரோடு ஒப்பிட வழியில்லை. மேலும், பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் வம்ச மரத்தில் 1,024 முன்னோர் இடங்கள். ஒய் காட்டுவது அதில் ஒருவரை மட்டுமே.

முன்னோரை அறியப் பழைய பத்திரங்களும் உதவும். என் தாத்தாவின் கிரயப் பத்திரம் மடிப்புகளில் கிழிந்து, ஓரத்தைக் கரையான் அரித்துக் கிடக்கிறது. ஆனாலும் அவர் தகப்பனார் பெயர், பட்டம், வாய்க்கால் வரைக்குமான நான்கெல்லை எல்லாம் படிக்க முடிகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் தேடுங்கள். பாட்டி பிறந்த வீட்டின் பட்டத்தையும் கேட்டு இன்றே எழுதிவையுங்கள்.