பதில்: அயோமி மாதிரி சுருதி இறக்கினால் ஸ்ட்ரிங் கரகரக்கிறது

பிளாக் சப்பாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி மாதிரி கிட்டாரின் சுருதியை இறக்கினால் ஸ்ட்ரிங் கரகரக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உங்கள் விரலில் இல்லை. 9-42 செட்டை (மெல்லிய ஸ்ட்ரிங் முதல் தடித்தது வரையான தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான ஈ சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் இறக்கி சி ஷார்ப்புக்குக் கொண்டுபோனால் இழுவிசை சுமார் 30% குறையும். ஸ்ட்ரிங் தொளதொளத்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) அடிக்கும்; கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். 11-50 வாக்கில் ஒரு செட் போடுங்கள், பழைய இழுவிசை ஏறக்குறைய திரும்பும். தடித்த ஆறாவது ஸ்ட்ரிங் நட் (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் சிக்கினால் டியூனிங் நிற்காது. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. 9-42 செட்டிலேயே இருப்பதானால், இழுவிசை குறைந்ததால் கழுத்து பின்னால் வளைந்திருக்கும். கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

அயோமியைப் பற்றி 'வேகமில்லாதவர் எப்படி மேதை?' என்ற உங்கள் நண்பரின் வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். டோனி அயோமி இடதுகைக்காரர். 1965-இல் பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில் ஃப்ரெட் பிடிக்கும் வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய ஸ்ட்ரிங், இறக்கிய சுருதி எல்லாம் அந்த விரல்களுக்கு வசதியாக இருந்தவை. பிளாக் சப்பாத்தின் 1971 ஆல்பத்தில் கேட்கும் அந்தச் சி ஷார்ப் கனத்தைத்தான் பின்னால் வந்த டூம், ஸ்லட்ஜ் எனப்படும் கனமான மெட்டல் வகைக் குழுக்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் வேகம் பெரிய திறமைதான். ஆனால் ஒரு இசைவகைக்கே அடித்தளம் போட்டவர் அயோமி.