உடல் கறுப்பா, சிவப்பா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் கிடைத்த நான்கு புழுக்களைப் பெரிய ஜாடியில் போட்டு, வாயில் கொசுவலைத் துணி கட்டி வளர்த்தோம். இரண்டு கூடுகளிலிருந்து கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட பட்டாம்பூச்சிகள் வந்தன. மூன்றாவது, ரோஜா அழகி. நான்காவது, சிவப்புடல் அழகி. ஒரே செடியில் மூன்று இனங்களா? என் மகள் நோட்டில் என்ன பெயர் எழுதுவது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: நான்குக்கும் ஒரே பெயரைத்தான் எழுத வேண்டும்: கறிவேப்பிலை அழகி. ஆங்கிலத்தில் காமன் மோர்மன்.

ரோஜா அழகியின் புழுவும் சிவப்புடல் அழகியின் புழுவும் கறிவேப்பிலையைத் தொடாது. ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்துக்கொடி போன்ற ஒரே குடும்பத்துச் செடிகள்தான் அவற்றுக்கு ஆகாரம். ஆடுகூடத் தீண்டாத அந்த இலையின் நச்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பிறகும் தங்கிவிடுகிறது. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பையும் கறுப்பையும் மறக்காது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த அழகியிடம் அந்த நச்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகியின் கோலத்திலும், இன்னொரு வகை சிவப்புடல் அழகியின் கோலத்திலும் பிறக்கின்றன. ஆணைப் போலவே இருக்கும் பெண்களும் உண்டு. ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு, பின்னிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை.

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டுகள் சுற்றித் திரும்பியவர், 1865-ல் வெளியான கட்டுரையில் இந்தப் பல உருவப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்பது 2014-ல் வெளிவந்தது. பூச்சி ஆணா பெண்ணா என்ற வளர்ச்சியில் பங்குள்ள அதே மரபணு, இங்கே சிறகின் கோலத்தையும் முடிவு செய்கிறது. உங்கள் ஜாடிக்குள் நடந்தது அதுதான். எனக்கு இதைப் படித்த நாளில் தூக்கமே வரவில்லை.

இனி அடையாளம். சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். போன ஐப்பசி மழையில் எங்கள் துவைகல்லின் அருகே ரோஜா அழகி போன்ற ஒன்று இறந்து கிடந்தது. பின்னிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள், வால் உட்பட எல்லாம் அச்சாக இருந்தன. ஈர்க்குச்சியால் மல்லாத்தினேன். தலை கறுப்பு, மார்பின் பக்கங்கள் கறுப்பு, வயிறு நுனிவரை கறுப்பு. ரோஜா அழகியாக இருந்தால் தலையிலும் மார்பின் பக்கவாட்டிலும் வயிற்று நுனியிலும் குங்குமம் அப்பியது போல இருக்கும். அதன் முதுகிலும் கறுப்பு உண்டு. ஆகவே மேலிருந்து மட்டும் படம் எடுத்தால் ஏமாந்துபோவோம். பக்கவாட்டில் ஒரு படம் கட்டாயம் வேண்டும். சிவப்புடல் அழகிக்குத் தலையும் வயிறும் பளிச்சென்ற சிவப்பு, பெயரே சொல்கிறது. முன்னிறகின் வெள்ளைப் பட்டைகளும் அதற்குத் துலக்கமாக இருக்கும். அதன் வேடம் போட்ட கறிவேப்பிலை அழகிக்கு அவை சற்று மங்கல்.

பறக்கும்போது தெரிய வேண்டுமென்றால் அருகில் போய் லேசாகக் கையை அசையுங்கள். நச்சுள்ள இரண்டும் பதறாமல் மெதுவாக விலகும். வேடக்காரி விசுக்கென்று கோணல்மாணலாக ஓடிவிடும்.

கேள்வி: வெண்புள்ளிக் கருப்பனையும் அதைப் போன்ற 'டபுள் பிராண்டட் க்ரோ'வையும் பிரிப்பது எப்படி?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆணாக இருந்து, முன்னிறகின் மேல்புறம் தெரிந்தால் எளிது. தழும்பு போன்ற கோடு ஒன்று என்றால் முதலாமது, இரண்டு என்றால் இரண்டாமது. சிறகை மூடிக்கொண்டு கூட்டமாகத் தொங்குபவற்றை நான் இனம் பிரித்து எழுதுவதில்லை. 'கருப்பன்' என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன். தவறான பெயரைவிடப் பாதிப் பெயர் எனக்கு மேல்.

கேள்வி: வெந்தய வரியன் எருக்கஞ்செடியில் முட்டையிடும் என்று படித்திருக்கிறேன். எங்கள் மாடித் தோட்டத்தில் அது பருப்புக்கீரைத் தொட்டியில் முட்டையிட்டுப் போனது. பழக்கம் மாறிவிட்டதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பழக்கம் மாறவில்லை ஐயா, நீங்கள் பார்த்தது வேறு பூச்சி. அது 'டானைட் எக்ஃப்ளை' என்பதன் பெண். வெந்தய வரியனின் எருக்கம்பால் நச்சுக்கும் பறவைகள் அஞ்சும் என்பதால், இதுவும் அந்த வேடத்தில் திரிகிறது. இதன் ஆணைப் பார்த்தால் ஒரே இனம் என்றே தெரியாது: கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளை வட்டங்கள், அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கம்.

அடுத்த முறை அது வந்து சிறகை விரிக்கும்போது பின்னிறகைக் கவனியுங்கள். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று அல்லது நான்கு கறும்புள்ளிகள் இருக்கும். எக்ஃப்ளைக்கோ, மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான். அது தவறிப்போனாலும் புழு காட்டிக்கொடுத்துவிடும். வெந்தய வரியனின் புழு வழவழவென்று, பட்டை பட்டையாக, மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளோடு இருக்கும். இதன் புழுவுக்கு உடல் முழுக்கக் கிளைத்த முட்கள்.

புழு வெளிவந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். அதுவரை அந்தத் தொட்டிக் கீரையைக் கிள்ளாமல் விட்டுவையுங்கள்.